பாங்கி விளையாட்டில் பாங்கிக்காரன் யார்?

கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் பணம் கட்டி ஆடும் சூதாட்டங்கள் இன்று உலகமெங்கும் கணக்கின்றிக் கிளம்பியிருக்கின்றன. அவற்றுள் செல்வத்தையும் பாங்கியையும் வேஷமாகப் போட்டுக்கொண்டு வருபவை ஒரு தனி ரகம். அந்த ரகத்தில் நன்றாகப் பேர்பெற்றது, ஸ்வீடன் தேசத்து நெட்என்ட் கம்பெனியார் 2010இல் வெளியிட்ட 'பிக்கி ரிச்சஸ்' என்னும் விளையாட்டாகும். பிக்கி ரிச்சஸ் என்றால் பன்றியின் செல்வம் என்று பொருள். இதை நல்ல விளையாட்டென்று சிபாரிசு செய்கிறவர்கள் அநேகர் இருப்பதால், இதன் யோக்கியதை என்ன என்று நாமும் சற்றுப் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

திரையில் ஐந்து சக்கரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று படங்கள் தெரியும். பணக்கார உடுப்புத் தரித்த பன்றிகளும், பணமூட்டையும், பாங்கிச் சீட்டும் அவற்றில் சுழலுகின்றன. 15 வரிசைகளில் ஏதாவதொன்றில் ஒரே படம் சேர்ந்து வந்தால் பரிசு. மற்றப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாக நிற்கக்கூடிய படம் ஒன்று உண்டு. அது சேர்ந்து வந்தால் பரிசு மூன்று மடங்கு. இன்னும் சில படங்கள் கூடிவந்தால் இலவசச் சுற்றுகள். அவற்றில் பரிசு ஆறு மடங்கு வரை ஏறும். இவ்வளவும் கேட்பவனுக்கு, கம்பெனிக்காரர் தர்மசத்திரம் கட்டி வைத்திருப்பதாகவே தோன்றும்.

ஆனால் கம்பெனியாரே வெளியிட்டிருக்கும் கணக்கு ஒன்று உண்டு. நீண்டகாலச் சராசரியில், கட்டின பணத்தில் 100க்கு 96.38 பாகம் ஆடுகிறவர்களுக்குத் திரும்பும் என்பதே அது. மேலே சொன்ன மூன்று மடங்கும், ஆறு மடங்கும், இலவசமும் எல்லாம் இந்த 96.38க்குள் அடக்கம். அதாவது, அவை தானமல்ல. ஆடுகிறவன் பணத்திலேயே எடுத்து அவனுக்கே பரிசென்று காட்டுவதாகும். யாரோ ஒருவன் ஒரு நாள் பெருந்தொகை ஜெயித்தான் என்றால், அதுவும் கம்பெனிக்காரன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததல்ல. தோற்றவர்கள் பலர் கட்டின பணமேயாகும்.

“போனால் 100க்கு நாலு ரூபாய்தானே போகிறது? சினிமாவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு” என்று படித்தவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்த நாலு ரூபாய் ஒரு தடவைக்கு மாத்திரம் போவதல்ல. பணத்தைத் திருப்பித் திருப்பிக் கட்டும்போதெல்லாம் போவதாகும். நூறு ரூபாயை முழுவதும் ஒரு தடவை கட்டினால் சராசரியாக மிஞ்சுவது 96. மிஞ்சினதையெல்லாம் அப்படியே பத்துத் தடவை திருப்பிக் கட்டினால் 69. இருபது தடவையில் 48. ஐம்பது தடவையில் 16. வந்த பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவன் எத்தனை பேர் என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க. “இன்றைக்கு என் நேரம் சரியில்லை, இத்தனை தடவை தோற்றாயிற்று, இனி வந்தே தீரும்” என்பது ஆடுகிறவர்களின் வேதவாக்கு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் செய்த 'லிபர்டி பெல்' என்ற பெட்டியில் நிஜமான சக்கரங்கள் மூன்று இருந்தன. சக்கரத்துக்குப் பத்து நிலையாக ஆயிரம் விதங்களில் அது நிற்கும் என்று கையால் எண்ணியாவது பார்க்கலாம். 1984இல் இங்கே டெல்னஸ் என்பவர், சக்கரம் எங்கே நிற்பது என்பதை உள்ளே இருக்கும் எண் யந்திரமே தீர்மானிக்கும் முறைக்கு அமெரிக்காவில் பேடண்ட் பெற்றார். இன்றைய திரைச் சக்கரமோ வெறும் படம். பித்தானைத் தொட்டவுடன் உள்ளே எண் எடுத்தாகிவிடும். பிறகு சுழலுவதெல்லாம் வேடிக்கை காட்டுவதற்கே. அந்த யந்திரத்துக்கு முன்பு நீ தோற்றதும் தெரியாது, உன் வீட்டில் அரிசி இல்லாததும் தெரியாது. அதற்கு ராகுகாலமும் இல்லை, நல்ல நேரமும் இல்லை.

1948இல் அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் ஸ்கின்னர் ஒரு சோதனை எழுதி வெளியிட்டார். கூண்டிலுள்ள பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த நேரத்துக்கொரு தரம் தானியம் வந்துகொண்டிருக்கும்படி செய்தார். ஒரு புறா தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று தலையை ஒரு மூலைக்கு நீட்டி நீட்டி இழுத்தது. தாங்கள் செய்யும் சடங்கினால்தான் தானியம் வருகிறதென்பது போல அவை நடந்துகொண்டன. திரையைத் தடவிக் கொடுத்து ஆடுகிறவனும், கனவில் கண்ட எண்ணுக்குப் பணம் கட்டுகிறவனும் இந்தப் புறாவுக்கு எந்த விதத்தில் உயர்ந்தவர்கள்? புறாவுக்காவது தானியம் கிடைத்தது.

“அவனவன் இஷ்டப்பட்டு ஆடுகிறான்; தடுக்க நீங்கள் யார்?” என்று சிலர் சுதந்திரம் பேசுகிறார்கள். இஷ்டம் என்பது யோசிக்க அவகாசம் உள்ள இடத்தில்தான் இருக்க முடியும். சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்திருக்கும் இங்கிலாந்திலேயே நடந்ததைக் கவனியுங்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே குறைந்தது இரண்டரை விநாடி இருக்கவேண்டும் என்றும், பந்தயப் பணத்துக்குக் குறைவாகத் திரும்பியதை வெற்றி போல் கொட்டு முழக்கிக் காட்டக்கூடாது என்றும் 2021இல் விதி செய்தார்கள். தோற்றவனுக்கு ஜெயித்ததாக மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? 2025இல், சுற்றுக்கு ஐந்து பவுனுக்குமேல் கட்டக்கூடாது, 25 வயதுக்குட்பட்டவர்கள் இரண்டு பவுனுக்குமேல் கட்டக்கூடாது என்றும் வரம்பு கட்டினார்கள். இரண்டரை விநாடிக்கு ஒரு பவுன் வீதம் கட்டினால் ஒரு மணி நேரத்தில் 1,440 பவுன் கட்டினதாகும். மேற்படி கணக்குப்படி அதில் சராசரி நஷ்டம் சுமார் 52 பவுன். ஒரு மணி நேரத்தில் 52 பவுன் கூலி வாங்கும் தொழிலாளி அந்த நாட்டில்தான் எத்தனை பேர்?

நம் நாட்டிலும் தமிழ்நாடு சட்டசபை 2022இலும், இந்தியப் பார்லிமெண்டு 2025இலும் இணையச் சூதாட்டத்துக்கு விரோதமாகச் சட்டம் செய்திருக்கின்றன. செய்தது நல்லதே. ஆனால் சட்டம் கடையைத்தான் பூட்டும். “பாடுபடாமல் ஒரு நாள் பணக்காரனாவேன்” என்ற எண்ணத்தைப் பூட்டாது. பூட்டின கடை வேறு தேசத்திலிருந்து வேறு பெயரில் திறந்துகொள்ளும்.

ஆகவே, இந்த விளையாட்டைப் பற்றி நமது அபிப்பிராயம் என்னவென்றால், எண் யந்திரத்தில் திருட்டு இருக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. திருட்டே இல்லாமல், கணக்கை அச்சிட்டு முகத்துக்கு நேரே காட்டிவிட்டே, பணத்தைப் பறிக்கலாம் என்பதுதான் இதன் விசேஷம். நிஜமான பாங்கியில் பணம் போட்டவனுக்குக் கணக்கும் உண்டு, வட்டியும் உண்டு. இந்தப் பாங்கியிலும் வட்டி உண்டு. அதைக் கட்டுகிறவன் பணம் போட்டவன். பணக்காரனாகும் ஆசையை ஏழைக்கு விற்று அதனால் பணக்காரனாகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனே இந்த விளையாட்டின் பாங்கிக்காரன். அவனுடைய படம் மாத்திரம் எந்தச் சக்கரத்திலும் வருவதில்லை.

பணத்தைத் தோற்று வந்தவனை வீட்டாரும் ஊராரும் மூடன் என்று ஏசி மூலையில் உட்காரவைப்பதில் பிரயோஜனமில்லை. வெட்கப்பட்டு அவன் ஒளித்து வைக்கும் கடன்தான் நாளைக்கு வீட்டையே விழுங்குகிறது. அவனை அருகில் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் 100, 96, 69, 48, 16 என்று எழுதிக் காட்டுங்கள். அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்கு அந்தக் காகிதத்தில் எங்கே இடமிருக்கிறது என்று அவனையே கேளுங்கள்.