காகிதத்தில் ஒட்டி வரும் செல்கள்

உலர்கண் என்று வருபவரை ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அவரோ மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது என்பார். அடுத்தவர் கண்ணில் சாயம் பொட்டுப் பொட்டாகப் பிடித்திருக்கும். கேட்டால், தொந்தரவே இல்லை என்பார். இந்த இழுபறியில் சலித்தவர்கள்தாம் அழற்சியின் அளவை இமையிணைப்படலச் செல்களிலேயே தேடினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் நிலைத்து நிற்பது எச்எல்ஏ-டிஆர் புரதம். நலமான மேற்பரப்புச் செல்களில் அது அரிது. இன்டர்ஃபெரான்-காமா பட்டால் செல் அதை ஏற்றிக்கொள்கிறது. 2001இல் பாரிஸ் குழு ஒன்று, சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தை ஆறு மாதம் இட்டவர்களிடம் அது தணிந்ததைக் காட்டியது.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளும் இப்போது இதை அளக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் நோயாளி அதுவரை என்ன மருந்து இட்டுவந்தார் என்ற விவரம் பலவற்றில் இல்லை. கிளாக்கோமாவுக்குப் பல வருடம் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் கலந்த சொட்டு மருந்து இட்டவருக்கு, ஷோக்ரன் நோய் எதுவும் இல்லாமலே எச்எல்ஏ-டிஆர் ஏறியிருக்கலாம். ஒப்பீட்டுக் குழுவில் அப்படி நாலு பேர் இருந்தால் எந்த ஒப்பீட்டை நம்புவது?

இன்னொரு குழப்பம் சதவீதத்தில். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் நூற்றில் அறுபது செல்கள் 'பாசிட்டிவ்' என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை 'மாற்றமில்லை' என்கிறது. ஒவ்வொரு செல்லும் ஏந்தும் புரதம் பாதியாகக் குறைந்திருந்தாலும் அதே அட்டவணைதான் வரும். இந்தச் செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ஒளிர்வுச் செறிவையும் தருகிறது. அதை ஏன் எழுதாமல் விடுகிறோம்?

செல் எடுக்கும் கைவேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரப்பு மருந்து இட்டதும் தேங்கிய நீரை ஒற்றி எடுக்காமல், செல்களை ஒட்டியெடுக்கும் சவ்வுக் காகிதத்தை வைத்தால் அது வழுக்கும். செல் சரியாக ஒட்டாது. அப்படி வந்த சொற்பச் செல்களை வைத்து முடிவு சொல்லும் கட்டுரைகளும் வருகின்றன. இந்தக் கைவேலை இல்லாமல், கண்ணீரில் எம்எம்பி-9 என்ற அழற்சி நொதியைக் காட்டும் பத்து நிமிடப் பட்டை வசதியானது. ஆனால் மில்லிலிட்டருக்கு 40 நானோகிராம் என்ற கோட்டைத் தாண்டியதை மட்டுமே அது சொல்லும், எந்த நோயால் என்று சொல்லாது.

அடுத்த இதழ் முதல், முந்தைய சொட்டு மருந்துகள், அவற்றிலுள்ள பதப்பொருள், காகிதம் வைத்த இடம், எண்ணிய செல்கள், சதவீதம், ஒளிர்வுச் செறிவு ஆகியவை இல்லாத கட்டுரைகளை மதிப்பீட்டாளருக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவோம்.