கண் ஏமாறலாம், கருவி ஏமாற்றலாமா?

என் தந்தையார் செங்கல் காளவாயில் வேலை செய்பவர். எழுத்து அறியாதவர். சூளையின் இடுக்கு வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு சாமம் எரியணும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறினால் கல் வேகாமல் போகும். அல்லது உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த வாரம் கூலியில் பிடித்தம்தான்.

சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் செம்பு-இரும்பு வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டபோது, இதைச் சூளைக்குள் வைத்தால் என்ன என்று பேராசிரியரிடம் கேட்டேன். "செம்பு கருகிச் செதில் செதிலாய் உதிரும் தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்கு வித்து.

1821-இல் சீபெக் கண்ட விளைவை நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். ஆனால் கடும் வெப்பமும் பிராணவாயுவும் கூடிய இடத்தில் அந்தக் கம்பி எத்தனை நாள் உண்மை பேசும் என்று நம் பாடம் கேட்பதில்லை.

உருகுநிலை உயர்ந்திருந்தால் போதும் என்று எண்ணுவோம். டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆயினும் கடும் சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்ஸைடாகி அழிந்துவிடும். ஆகவே டங்ஸ்டன்-ரீனியம் இரட்டையை வெற்றிடத்திலோ, ஹைட்ரஜனிலோ, மந்த வாயுவிலோதான் பயன்படுத்துகிறார்கள். பிளாட்டினமோ 1768 டிகிரியிலேயே உருகும். ஆனால் காற்றைத் தாங்கும். 1886-இல் பிரெஞ்சு வேதியியலார் லெ ஷாட்டலியே, பிளாட்டினக் கம்பியோடு 10 சதவீதம் ரோடியம் கலந்த கம்பியை இணைத்தார். அந்த இரட்டை அலுமினா உறைக்குள் இருந்துகொண்டு 1400 டிகிரியிலும் இன்றும் உழைக்கிறது. அதன் விலைதான் ஏழைச் சூளைக்கு எட்டாது.

மலிவான குரோமெல்-அலுமெல் இரட்டையில் ஆபத்து வேறு. 1000 டிகிரிக்கு மேல் நெடுநாள் கிடந்தால், அறுந்து போவதற்கு முன்பே மெல்ல மெல்லத் தவறான அளவைக் காட்டத் தொடங்கும். செத்த கருவியை எறிந்துவிடலாம்; பொய் சொல்லும் கருவியை நம்பி மோசம் போவோம். இதற்கு மாற்றாக, ஆஸ்திரேலிய விஞ்ஞானி நோயல் பர்லி நிக்கலோடு குரோமியத்தையும் சிலிக்கனையும் ஏற்ற அளவில் சேர்த்து நைக்ரோசில்-நைசில் இரட்டையை உருவாக்கினார். அதன் மேல் படியும் ஆக்ஸைடுப் படலமே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசம். பகையையே காவலாக்கிய அறிவு அது!

என் தாழ்மையான கருத்து இதுதான். இத்தகைய கருவியை அமைப்பது அளக்கும் கலை மட்டுமன்று. தாங்கி நிற்கும் கலையும் ஆகும். அதற்கு இயற்பியலும் வேதியியலும் கைகோக்க வேண்டும். நம் கல்லூரியில் இரு துறைகளுக்கும் இடையே ஒரு தாழ்வாரம்தான், அதைக் கடப்போமே! மாணவர்கள் தாமே ஓர் இரட்டையைப் பற்றவைத்து, வேதியியல் கூடத்து உலையில் பல நாள் சுட்டு, புதிய கம்பியோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறிக்கட்டும். கெட்டுப்போனால் போகட்டும், ஏன் கெட்டது என்று எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "ஏய்யா, அந்தக் கம்பி என் கண்ணைவிடச் சரியாச் சொல்லுமா?" என்று அப்பா கேட்டார். எத்தனை நாளைக்குச் சரியாகச் சொல்லும் என்று நானே சோதித்து அறிந்த பிறகுதான், "சொல்லும் அப்பா" என்று அவருக்கு விடை கூற எனக்கு உரிமை உண்டு.