நாக்கு நரம்புக்கு "கரண்டு" கொடுக்கும் கருவி! ரெயில் டிரைவரின் தூக்கத்தை விரட்டுமா?

2013-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை 7.20 மணி. அமெரிக்காவில் நியூயார்க் நகரை நோக்கி ஒரு பயணிகள் ரெயில் வந்து கொண்டிருந்தது. பிராங்ஸ் பகுதியில் ஆற்றங்கரையோரம் ஒரு வளைவு. அங்கே மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ரெயில் வந்த வேகமோ 82 மைல்!

மறு நிமிடம் பெட்டிகள் தடம் புரண்டன. 4 பேர் பலி. 60 பேருக்கு மேல் காயம்.

டிரைவர் குடித்திருக்கவில்லை. பிரேக்கிலும் பழுது இல்லை. பிறகு என்ன நடந்தது? அமெரிக்க போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கி விட்டார் என்பது தெரிய வந்தது. அவருக்கு ஒரு வியாதி இருந்தது. அது இருப்பது அவருக்கே தெரியாது! போதாக்குறைக்கு, விபத்துக்கு சில நாட்கள் முன்புதான் அவருடைய வேலை நேரமும் அதிகாலைக்கு மாறி இருந்தது.

குறட்டைக்குப் பின்னால்...

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அது. டாக்டர்கள் "ஸ்லீப் அப்னியா" என்கிறார்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்கிறது. நாக்கு பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைத்து விடுகிறது. 10 வினாடி, 20 வினாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு இல்லை. மூளை பதறிப் போய் ஆளை உசுப்பி விடுகிறது. ஒரு பெரிய குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம். மறுபடி அடைப்பு.

மணிக்கு 15 முறை இப்படி நடந்தால் நடுத்தரம். 30 முறையைத் தாண்டினால் கடுமை. இரவு முழுக்க படுத்திருந்தாலும் ஆசாமி தூங்கியதாகக் கணக்கில்லை. பகலில் கண் சொக்கும். ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

முகமூடி

இதற்கு முதல் மருந்து மருந்தே அல்ல, காற்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் ஒரு வழியைச் சொன்னார். மூக்கில் முகமூடி மாட்டி, எந்திரத்தால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் தொண்டை மூடாது. "சிபாப்" என்ற அந்த எந்திரம்தான் இன்றும் முதல் சிகிச்சை. மாட்டிக் கொண்டு தூங்குகிறவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

தொல்லை என்னவென்றால், பலர் மாட்டிக் கொள்வதில்லை. "மூஞ்சியிலே குழாயைக் கட்டிக்கிட்டு எவன் தூங்குவான்?" என்று கழற்றி எறிந்து விடுகிறார்கள். 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் கம்பெனி லட்சக்கணக்கான எந்திரங்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப் பஞ்சு பொடியாகி மூச்சோடு போகலாம் என்பது காரணம். இதில் பயந்து போனவர்களும் உண்டு.

மார்பில் ஒரு பெட்டி

முகமூடியைத் தாங்க முடியாதவர்களுக்கு வந்ததுதான் புதிய கருவி. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த இன்ஸ்பயர் என்ற கம்பெனி தயாரித்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரல் 30-ந்தேதி அனுமதி கொடுத்தது. பிராங்ஸ் விபத்து நடந்து சரியாக 5 மாதம்!

வேலை செய்வது எப்படி? இருதய நோயாளிகளுக்கு வைக்கும் "பேஸ்மேக்கர்" போல ஒரு சிறிய பெட்டி. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஆபரேஷன் செய்து வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி, நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகிறது. நோயாளி மூச்சு இழுக்கும் நேரத்தை கருவி கண்டுபிடித்து, நரம்புக்கு லேசாக மின்சாரம் கொடுக்கும். நாக்கு முன்னால் நகரும். வழி திறக்கும். அவ்வளவுதான்.

படுக்கும் முன் "ரிமோட்" பட்டனை அழுத்த வேண்டும். காலையில் எழுந்ததும் நிறுத்தி விடலாம். ஆபரேஷன் புண் ஆற சுமார் ஒரு மாதம் விட்டு, பிறகுதான் கருவியை முடுக்குகிறார்கள். பாட்டரி சுமார் 11 ஆண்டு வரும். அதன் பிறகு மறுபடி கத்தி.

பலித்ததா?

126 நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2014 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. மணிக்கு 29 முறை என்று இருந்த மூச்சு அடைப்பு, ஓராண்டில் 9 முறையாகக் குறைந்தது. இது நடுக்கணக்கு. மூன்றில் இரண்டு பேருக்கு டாக்டர்கள் எதிர்பார்த்த அளவு பலன் கிடைத்தது. மீதி ஒருவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். குணம் கண்டவர்களில் 46 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஒரு வாரம் கருவியை நிறுத்தி வைத்தார்கள். வியாதி பழையபடி திரும்பி விட்டது! ஆக, இது வியாதியை ஒழிக்கும் மருந்து அல்ல. கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரிகிற மாதிரி, பட்டனை அழுத்தினால்தான் மூச்சு.

எல்லோருக்கும் இல்லை

கேட்டவருக்கெல்லாம் இதை வைத்து விட மாட்டார்கள். முதலில் முகமூடி எந்திரத்தைப் போட்டுப் பார்த்து, முடியவில்லை என்று ஆகியிருக்க வேண்டும். உடல் பருமன் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். பிறகு நோயாளியை மயக்க மருந்தால் தூங்க வைத்து, மூக்கு வழியாக கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். தொண்டை சுற்றிலும் ஒரே சமயத்தில் சுருக்குப் பை போல மூடினால், நாக்கை மட்டும் நகர்த்திப் பயன் இல்லை.

செலவு? ஆபரேஷன், கருவி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து 30 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. நம் பணத்தில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். அமெரிக்க அரசின் முதியோர் இன்சூரன்சான "மெடிகேர்" 2020 முதல் நிபந்தனையுடன் பணம் கொடுக்கிறது. இன்சூரன்சு இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

போட்டிக்கும் ஆள் வந்தாகி விட்டது. பெல்ஜியம் நாட்டு நிக்சோவா கம்பெனியின் கருவிக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதில் உடம்புக்குள் பாட்டரி கிடையாது. இரவில் தாடைக்குக் கீழே ஒட்டிக் கொள்ளும் வில்லையிலிருந்து சக்தி போகிறது. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், உடல் எடையைக் குறைக்கும் "டிர்செபடைட்" ஊசியை பருமனான நோயாளிகளுக்கு இந்த வியாதிக்காகவே கொடுக்கலாம் என்று உத்தரவாகி விட்டது.

மறுபடியும் விபத்து

ஆக, காற்று எந்திரம் இருக்கிறது. கருவி இருக்கிறது. ஊசியும் வந்து விட்டது. பிறகு என்ன குறை?

2016 செப்டம்பர் 29-ந்தேதி. நியூஜெர்சி மாநிலம் ஹோபோகன் ரெயில் நிலையம். கூட்டம் நிறைந்த காலை நேரம். உள்ளே வந்த ரெயில் நிற்கவில்லை. தடுப்பை உடைத்துக் கொண்டு பிளாட்பாரத்தில் ஏறியது. அங்கே நின்ற ஒரு பெண் பலி. 100 பேருக்கு மேல் காயம். அடுத்த 4 மாதத்துக்குள், 2017 ஜனவரி 4-ந்தேதி, நியூயார்க் புரூக்ளின் நிலையத்திலும் இதே கதை. 108 பேர் காயம்.

இரண்டு டிரைவர்களுக்கும் அதே வியாதி! இரண்டு பேருக்கும் விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது! ஹோபோகன் டிரைவருக்கு அந்த ஆண்டு உடல் பரிசோதனை கூட நடந்திருக்கிறது. ஆனால் தூக்கப் பரிசோதனைக்கு அவரை யாரும் அனுப்பவில்லை.

நாக்கு நரம்புக் கருவி கடைக்கு வந்து அப்போது 2 ஆண்டுக்கு மேல் ஆகி விட்டது. வியாதி இருப்பதே தெரியாதவருக்கு அதனால் என்ன லாபம்?

கைவிட்ட சட்டம்

ரெயில் டிரைவர்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று அமெரிக்க அரசு 2016-ல் யோசனையைத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் அந்த யோசனையைக் கைவிட்டு விட்டது. அந்தந்த கம்பெனி பார்த்துக் கொள்ளட்டும் என்பது பதில். பரிசோதனைக்குப் போனால் வேலை போய் விடுமோ என்ற பயம் டிரைவர்களுக்கு. யார் செலவு செய்வது என்ற கணக்கு கம்பெனிகளுக்கு. நடுவில் மாட்டிக் கொண்டவர் டிக்கெட் வாங்கிய பயணி.

பரிசோதனை ஒன்றும் பிரமாதம் இல்லை. விரலிலும் மூக்கிலும் சிறு கருவியை மாட்டிக் கொண்டு ஒரு ராத்திரி வீட்டிலேயே தூங்கினால் போதும். பெரும்பாலும் தெரிந்து விடும். அதற்கும் முன்னால் கண்டுபிடிக்கிறவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். "ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னு போச்சுங்க, நான் பயந்துட்டேன்" என்று அவர் சொன்னால், சிரித்து மழுப்பாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

25 லட்ச ரூபாய் கருவி தயாராக இருக்கிறது. ஒரு ராத்திரி பரிசோதனைக்குத்தான் ஆள் இல்லை!