கயிற்றை விட்டால் அவர் விழ வேண்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நமது பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். சந்தை, அறுவடை, கரைவலை என்று தலைப்பு மாறும், மனிதர்கள் மாற மாட்டார்கள். எல்லோரும் நேராக நிற்பார்கள். கைகள் முழங்கையே இல்லாமல் குழாய் மாதிரித் தொங்கும். இரண்டு பாதங்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வலை இழுப்பவரின் கையில் கயிறு இருக்கும், ஆனால் அவர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் போலத்தான் நிற்பார்.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "பிள்ளைக்குக் கை வராது." மற்றது, "உருவம் வரையிறது மார்க்கத்தில பிரச்சினை தானே, அதுக்குள்ள ஏன் கூடப் போவான்?"

இரண்டாவதை முதலில் பேசுவோம். தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். உயிருள்ளவற்றை வரைவதே கூடாது என்பவர்கள் உண்டு. முக அடையாளம் இல்லாத உருவத்துக்கு இடம் கொடுப்பவர்கள் உண்டு. கல்வித் தேவைக்கு அனுமதிப்பவர்களும் உண்டு. கூடாது என்று உறுதியாக நம்பும் குடும்பம், பாடம் தெரிவு செய்யும்போதே வேறு பாடத்தைத் தெரிவு செய்யலாம். அது மதிக்க வேண்டிய முடிவு. என் கேள்வி மற்றவர்களிடம். பிள்ளையைச் சித்திரத்துக்கு அனுப்பிவிட்டோம், அவன் மனிதரை வரைந்துகொண்டும் இருக்கிறான். பிறகு அதை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்காமல் விடுவதில் என்ன பேணுதல் இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் உடல் உண்மையாகத் தெரிவதற்கு முகம் தேவையே இல்லை. தூரத்தில் முதுகைக் காட்டி நடந்து போகும் வாப்பாவை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம்? தோளின் சரிவு, கால் வைக்கும் விதம், இவைதான். ஆகவே முகத்தை விட்டுவிட்டு வரையும் பிள்ளையும் முதுகை, இடுப்பை, முழங்காலை, பாதத்தைச் சரியாக வரையப் பழக வேண்டும். பேணுதலும் பயிற்சியும் இங்கே மோதவில்லை.

நமது வரலாற்றிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. ஹெராத் நகரத்து ஓவியர் பிஹ்ஸாத் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு சிற்றோவியம், கவர்னக் மாளிகை கட்டப்படும் காட்சி. 1494 அளவில் வரையப்பட்டது, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு புத்தகப் பக்கம்தான். ஆனால் அதில் ஒருவர் ஏணியில் ஏறுகிறார், ஒருவர் சாந்து குழைக்கிறார், கல் கைமாறிப் போகிறது. முகங்கள் மிகச் சிறியவை. வேலையைச் சொல்வது உடல்கள்தான்.

இனி முதலாவது பதில், "கை வராது." உடலை வரைய முதலில் தேவைப்படுவது கண். சில அளவுகளைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடியும். வளர்ந்த ஒருவரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. நடக்கப் பழகும் குழந்தைக்கு நான்கு தலை அளவுதான், அதனால்தான் பெரியவரைச் சுருக்கி வரைந்தால் குழந்தை ஆகாது. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி தொடையின் நடுவுக்கு வரும். கண் இருப்பது தலையின் நடுவில், நமது பிள்ளைகள் வரைவது போல நெற்றியில் அல்ல.

அளவை விட முக்கியமானது பாரம். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றால் அந்தப் பக்க இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் இறங்கும். வலது கையில் தண்ணீர் வாளி தூக்கினால் உடம்பு இடது பக்கம் சாயும். கரைவலை இழுப்பவர் பின்னால் சாய்ந்து குதிகாலை மணலில் ஊன்றுவார். படம் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: அந்தக் கயிற்றை விட்டால் அவர் விழ வேண்டும். விழமாட்டார் என்றால் அவர் இழுக்கவில்லை.

இது நமது பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. ருகூவில் முதுகு எப்படி இருக்க வேண்டும், ஸுஜூதில் எந்த ஏழு உறுப்புகள் நிலத்தில் பட வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தன் உடம்பை இவ்வளவு கவனித்துப் பழகிய பிள்ளைக்கு மற்றவர் உடம்பைப் பார்க்க வராதா?

உண்மையான காரணம் வேறு. பார்க்க விடாமல் பாடமாக்க விடுகிறோம். டியூஷனில் ஒரு மாதிரிப் படம், அதை நாற்பது பேரும் அப்படியே இறக்குவார்கள். ரசனைப் பகுதியிலும் இதே கதை. பொலன்னறுவைக் கல்விகாரை எந்த நூற்றாண்டு, எந்த மன்னன் என்று ஒப்புவிப்பார்கள். சாய்ந்திருக்கும் சிலையின் தலைக்குக் கீழே கல் தலையணை அமிழ்ந்திருப்பதை எத்தனை பேர் காட்டிக் கொடுத்தோம்? பாரம் என்றால் என்ன என்று 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி கல்லிலேயே பாடம் எடுத்திருக்கிறான்.

"ஓஎல் வருது, இதுக்கெல்லாம் நேரம் எங்க?" என்பார்கள். ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடம் போதும். ஒரு பிள்ளை முன்னால் வந்து புத்தகப்பையைத் தூக்கும் பாவனையில் நிற்கட்டும். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் வரையட்டும். அழிறப்பர் வேண்டாம், விரல் வேண்டாம், முகம் வேண்டாம். தலை முதல் பாதம் வரை உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்ற கோடு மட்டும். பிறகு நிற்கும் விதத்தை மாற்றி இன்னொன்று. முதல் கிழமை கிறுக்கலாகத்தான் இருக்கும், கொப்பி அசிங்கமாகும். அதற்காக ஏச வேண்டாம்.

இதில் இழப்பது புள்ளிகளை மட்டும் அல்ல. நமது ஊர் மேசன், நெல் மூடை சுமப்பவர், அடுப்படியில் குனிந்து நிற்கும் உம்மா, இவர்களின் உடம்பு படும் பாட்டைப் பிள்ளைகள் தினமும் காண்கிறார்கள், ஆனால் கவனிப்பதில்லை. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு அந்த மூடையின் பாரம் கொஞ்சமாவது விளங்கும்.

இந்தக் கிழமை உங்கள் பிள்ளையின் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். அழகா என்று பார்க்க வேண்டாம். பாதங்களைப் பாருங்கள், அவை நிலத்தில் ஊன்றி நிற்கின்றனவா என்று. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் சித்திர ஆசிரியர்களும் கீழே தாராளமாக எழுதுங்கள்.