மரை கழலும் முன்னே!

"அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று சொல்லிச் சிரிக்கிறோம். சமையலறையில் மரை கழன்றால் சிரிக்க முடியுமா, அம்மணிகளே? பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து நிறுத்துவது திருகு. வெயிட் உட்காரும் குழாயும் பாதுகாப்பு வால்வும் மூடியில் நிற்பது மரையை நம்பித்தான்.

குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேட். ஆவியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. "இவ்வளவுதானா?" என்கிறீர்களா? 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோவுக்கும் மேல்! நாலு ஆள் பாரம் உள்ளிருந்து முட்டுகிறது.

சூட்டில் திருகு ஏன் தளர்கிறது? உலோகமெல்லாம் சூட்டில் விரியும். ஆனால் ஒரே அளவாக விரியாது. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். தினமும் விரிந்து விரிந்து சுருங்கினால் இறுக்கம் மெல்ல விட்டுப்போகிறது. ஆகவே அவ்வப்போது, குக்கர் ஆறிய பிறகு, கைப்பிடித் திருகை இறுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்க வேண்டாம். பேக்லைட் கைப்பிடி விண்டுபோகும்.

திருகின் மரை தேய்ந்துவிட்டதா? சரவணம்பட்டிவாசிகளுக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்துவிட்ட இந்த ஊரிலிருந்து சத்தி ரோட்டில் கணபதிப் பக்கம் போனால் லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் பழைய திருகைக் கையோடு கொண்டுபோங்கள். 3/16 அங்குலத் திருகும் 5 மில்லிமீட்டர் திருகும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்னது, இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த முறை. மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பின்னது மெட்ரிக் முறை, இடைவெளி 0.8 மில்லிமீட்டர்தான்.

வீட்டிலேயே அளக்கலாம். ஸ்கேல் மேல் திருகை வைத்து, ஐந்து இடைவெளியை அளந்து ஐந்தால் வகுங்கள். 4 மில்லிமீட்டர் வந்தால் இடைவெளி 0.8. பழையதையும் புதியதையும் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பதிந்து, இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் ஜோடி. இரண்டு சுற்றுப் போய் முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். வலிந்து முறுக்கினால் மிருதுவான அலுமினிய மரை பாழ். ஆவி படும் இடத்துக்குத் துருப்பிடிக்கிற இரும்புத் திருகும் ஆகாது, எவர்சில்வர் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பாதுகாப்பு வால்வு போய்விட்டால், மரை சேருகிறதே என்று அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைப் பூட்டி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. வால்வில் இருப்பது குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகம். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். போல்ட் உருகுமா? வழிவிடுமா? வெடிக்கத்தான் வைக்கும்! அதே கம்பெனி, அதே மாடலுக்குரிய வால்வையே வாங்குங்கள். புதுக் குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 பிப்ரவரி முதல் அது சட்டப்படி கட்டாயம்.

அளவு பொருந்தினால் போதாது, குணமும் பொருந்த வேண்டும். சம்பந்தம் பேசுகிற வீட்டில் நாம் பார்க்கிற பொருத்தம்தான். திருகுக்கும் அதைப் பார்த்துவிடுங்கள்!