டூப்ளிகேட் சாவி இருந்தால் ஹவுஸ் ஓனர் உள்ளே வந்துவிடலாமா?

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். காலையில் அணைத்துவிட்டுப் போன ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால், "நான்தாம்மா வந்தேன், பாத்ரூம்ல லீக் இருக்கான்னு பார்த்தேன்" என்கிறார் கீழ் போர்ஷனில் இருக்கும் ஹவுஸ் ஓனர். எதையும் எடுக்கவில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பீர்கள்.

"அவர் வீடு, அவர் வர்றார், நாம என்ன சொல்ல முடியும்?" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, ஓனர் உள்ளே வர வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். ரிப்பேர் வேலை, வீட்டின் நிலையைப் பரிசோதிப்பது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காகத்தான் வரலாம். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது யாரும் நோட்டீஸ் கேட்கப்போவதில்லை. பிரச்சினை, "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பதில்தான்.

போலீசுக்குப் போகலாமா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு, அத்துமீறலைப் பற்றிப் பேசும்போது பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இடம் யார் வசம் இருக்கிறது என்றே பார்க்கிறது. வாடகை கொடுக்கும் வரை அது உங்கள் வசம்தான். ஆனால் மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ வந்தார் என்று காட்ட வேண்டும். லீக் பார்க்க வந்தவர் மேல் அது நிற்காது.

உண்மையில் நம்மை வாயடைக்க வைப்பது சட்டம் இல்லை, அட்வான்ஸ். கேள்வி கேட்டால் "அடுத்த மாசம் காலி பண்ணிக்கோங்க" என்று வந்துவிடுமோ என்ற பயம். தனியாக இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் மோசம்: ரிப்பேர் என்ற பேரில் வந்து, யார் வந்து போகிறார்கள் என்ற விசாரணையும் சேர்ந்தே நடக்கும். ஓனருக்கும் கவலை இருக்கிறது, மறுக்கவில்லை. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க அவருக்கு உரிமை உண்டு. ஒரு நாள் முன்பு சொல்லிவிட்டுப் பார்ப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துத் தரும் 11 மாத அக்ரிமென்ட்டைப் பெரும்பாலும் படிக்காமலே கையெழுத்து போடுகிறோம். அடுத்த முறை அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வருவதற்கு 24 மணி நேரம் முன்பு வாட்ஸ்அப்பில் தகவல் தர வேண்டும் என்று. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழித் தகவலை வெளிப்படையாகவே ஏற்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்துமூலம் என்று மட்டும் சொல்வதால், ஒப்பந்தத்திலேயே அதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். தகராறு என்று வந்தால் துணை ஆட்சியர் நிலையிலான வாடகை அதிகாரியிடம் காட்ட உங்கள் கையில் இருப்பது அதுதான்.

டூப்ளிகேட் சாவி யாரிடம் இருக்கும், எப்போது பயன்படுத்தலாம் என்பதையும் அதே நாளில் பேசிவிடுங்கள். அட்வான்ஸ் கைமாறிய பிறகு அந்தக் கேள்வி வாயில் வராது.