நிலாவை எடுத்தது நீங்களா, கைப்பேசியா?

மாணவர்களே, காப்பாரில் நட்சத்திரம் பார்ப்பது சிரமம். மின்நிலையமும் தொழிற்சாலைகளும் சாலை விளக்குகளும் வானத்தை வெளுத்துவிடுகின்றன. நிலாவுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டு வாசலில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்து, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் கைப்பேசியைப் பொருத்தினால் நிலாக் குழியைப் படம் பிடித்துவிடலாம்.

பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது; குழிகள் தட்டையாகத் தெரியும். அரைநிலா கழிந்து ஓரிரு நாளில், இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நிலா உச்சிக்கு அருகில் நிற்கும். கழுத்து வலிக்கும்தான், ஆனால் படம் குறைவாகவே நடுங்கும். இருளும் ஒளியும் சேரும் கோட்டின் ஓரத்தில் கோப்பர்னிக்கஸ் குழி தெரியும். அதன் அகலம் 93 கிலோமீட்டர். காப்பாரும் போர்ட்டிக்சனும் அதற்குள் அடங்கிவிடும்!

சரி, இப்போது என் வழக்குக்கு வருகிறேன். சில கைப்பேசிகள் நிலாவை அடையாளம் கண்டுகொண்டதும், தாங்கள் கற்றுவைத்த நிலாவை உங்கள் படத்தில் சேர்த்துவிடுகின்றன. 2023இல் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் காட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியால் எடுத்தார். திரையில் இல்லாத குழிகள் படத்தில் வந்துவிட்டன!

அழகாகத்தானே இருக்கிறது என்பீர்கள். வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்ப அது போதும். அறிவியல் கண்காட்சிப் பலகையில் ஒட்டக்கூடாது என்பேன். ஒளியும் நிழலும் விழுந்த விதத்தை வைத்தே நிலா மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டு, கலிலியோ 1610இல் நூலாக வெளியிட்டார். குழியின் சுவர் நிழல் எவ்வளவு நீளம், அங்கே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், பள்ளியில் படிக்கும் திரிகோணமிதியை வைத்து நீங்களும் கணக்கிடலாம். நிழலே கைப்பேசியின் கற்பனை என்றால் எதை அளப்பீர்கள்?

ஆகவே கைப்பேசியின் தானியங்கி மெருகூட்டலை நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ஒளி வாங்கும் நேரத்தைக் குறைத்து இருபது படம் எடுங்கள், பத்தொன்பது கெட்டுப்போகும். மிஞ்சிய ஒன்று கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் கீழே தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். கோப்பர்னிக்கஸ் நிழல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.